ஸ்டெபின் மேசையில் இருந்த செடி

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
12 ஜனவரி 2025

மாமி,

ஷைனா எழுதுகிறேன். நவம்பரிலிருந்து உங்களுக்குப் போன் பண்ணிப் பார்த்துவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் உங்களிடம் போய்ச் சேர்வதில்லை. என் நம்பரை பிளாக் பண்ணியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி இதில் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இது ஒரு செடியைப் பற்றிய கடிதம்.

போன சனிக்கிழமை ஸ்டெபினின் ஆபீஸிலிருந்து சபரிநாதன் வந்தார். ஸ்டெபினுக்குப் பக்கத்து மேசைக்காரர். அக்டோபர் எட்டாம் தேதி ஸ்டெபின் தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சாய்ந்தபோது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியது அவர்தான். மூன்று மாதமாக மேசையை அப்படியே விட்டுவைத்திருந்தார்களாம். இப்போது அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார் என்று பொருட்களை அட்டைப்பெட்டியில் எடுத்துவந்தார். ஹெட்போன், இரண்டு காபி மக், ஒரு ஸ்வெட்டர். இன்னொரு கையில் பனை மாதிரி ஓலை விடும் அந்தச் சின்னப் பாம் செடி.

"வீக்லி ஒன்ஸ் தண்ணி ஊத்திட்டுதான் இருந்தேன் ஷைனா. செடியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. லீஃப் எல்லாம் ஏன் இப்படி ஆகுதுன்னு புரியல," என்றார். உள்ளே வரச் சொன்னேன். ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

2019-இல் ஸ்டெபின் உங்கள் வீட்டிலிருந்து இங்கே வேலைக்குக் கிளம்பியபோது நீங்கள் கொடுத்தது இது என்று எனக்குத் தெரியும். பிளேனில் மடியில் வைத்துக்கொண்டே வந்ததாகச் சொல்வார். இப்போது ஒன்றரை அடி உயரம் இருக்கிறது. இலை நுனியெல்லாம் பழுப்பாகக் காய்ந்திருக்கிறது. அடியில் இருக்கும் ஓலைகள் மஞ்சள். மண்ணின் மேலே வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி ஏதோ படிந்திருக்கிறது.

எனக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. இன்டர்நெட்டில் ஒருவர் தண்ணீர் அதிகம் என்கிறார், இன்னொருவர் குறைவு என்கிறார். இந்தச் செடியைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும்.

ஷைனா


பேர்லேண்ட், டெக்ஸஸ்
21 ஜனவரி 2025

ஷைனாவுக்கு,

செடியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அதை எங்கே வைத்திருக்கிறாய்? உங்கள் அபார்ட்மெண்டில் ஹாலில் சன்னலுக்குக் கீழேதான் ஹீட்டர். அங்கே வைத்திருந்தால் இன்றே எடு. சூடான காற்று பட்டால் பாமின் நுனி கருகும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. படுக்கையறையில் கிழக்குச் சன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஒரு ஸ்டூலில் வை.

வாரத்துக்கு ஒரு தடவை என்று காலண்டர் பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. விரலை மண்ணுக்குள் முதல் கணு வரைக்கும் விடு. காய்ந்திருந்தால் ஊற்று. ஈரம் இருந்தால் விட்டுவிடு. குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்கூட ஆகும். ஊற்றினால் அடியில் ஓட்டை வழியாக வெளியே வரும்வரை ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். வேர் தண்ணீரில் நின்றால் அழுகும்.

வெள்ளையாக இருப்பது குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு. மேல் மண்ணை ஒரு ஸ்பூனால் சுரண்டி எடு. சிங்கில் வைத்து, கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரை இரண்டு மூன்று தடவை நிறைய ஊற்றி வடியவிடு. இனிமேல் அந்தத் தண்ணீரையே ஊற்று. உரம் ஏப்ரல் வரைக்கும் போடாதே. பெரிய தொட்டிக்கு மாற்றாதே, அதற்கு நெருக்கமாக இருந்தால்தான் பிடிக்கும்.

காய்ந்த ஓலையை முழுவதும் காய்ந்த பிறகு மட்டும் வெட்டு.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

ஜெயலீலா


பார்சிப்பனி
9 பிப்ரவரி 2025

மாமி,

பதில் போட்டதற்கு நன்றி. கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஹீட்டருக்கு மேலேதான் வைத்திருந்தேன். எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னீர்கள் என்று நினைத்தேன். பிறகு, கல்யாணமான வருஷம் நீங்கள் வந்து இரண்டு மாதம் இருந்த வீடுதானே என்று ஞாபகம் வந்தது. எடுத்துப் படுக்கையறையில் வைத்துவிட்டேன். மண்ணையும் நீங்கள் சொன்ன மாதிரியே கழுவினேன்.

போன வாரம் ஓலையின் அடிப்பக்கம் நூலாம்படை மாதிரி மெல்லிசாக இருந்தது. போனில் டார்ச் போட்டுப் பார்த்தால் மணல்துகள் அளவுக்குப் பூச்சிகள் ஊர்கின்றன. சபரிநாதன் மனைவி ஷ்ரேயாவிடம் கேட்டேன். ஸ்பைடர் மைட்ஸ், ஹீட்டர் போட்ட வீட்டில் வரும், பாத்திரம் கழுவும் சோப்பை நிறையத் தண்ணீரில் கரைத்து ஓலை ஓலையாகத் துடை, பிறகு ஷவரில் கழுவு என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகவில்லை. பாத்டப்பில் செடியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் துடைத்தேன். எத்தனை ஓலை என்று அப்போதுதான் தெரிந்தது. தொட்டியில் இருப்பது ஒரு செடி இல்லை, ஒன்பது தண்டுகள். நான் இத்தனை நாளும் ஒரே செடி என்று நினைத்திருந்தேன்.

ஒரு தப்பும் நடந்துவிட்டது. துடைக்கும்போது ஒரு தண்டின் நடுவில் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. விரியவே இல்லை, நுனி பழுப்பாக இருந்தது. காய்ந்துபோனது என்று நினைத்துக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டிவிட்டேன். வெட்டின இடம் உள்ளே பச்சையாக இருந்தது. அது சரியாகிவிடுமா?

மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஷைனா


பேர்லேண்ட்
17 பிப்ரவரி 2025

ஷைனாவுக்கு,

சரியாகாது. நீ வெட்டினது குருத்து. பாமுக்கு ஒரு தண்டுக்கு ஒரு குருத்துதான். மற்ற செடி மாதிரிப் பக்கத்தில் துளிர்க்காது. இருக்கும் ஓலைகள் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு அந்தத் தண்டு முழுவதும் போய்விடும்.

முழுவதும் காய்ந்த பிறகு மட்டும் வெட்டு என்று எழுதியிருந்தேன். நீ படித்தாய், ஃபிரிட்ஜில் ஒட்டியும் வைத்தாய். ஆனால் பழுப்பாகத் தெரிந்த உடனே செத்துவிட்டது என்று முடிவு பண்ணிக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாய். உன்னால் பொறுத்திருக்க முடியாது. அன்றைக்கும் முடியவில்லை.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டாய்.

முப்பத்தொரு வருஷம் ஐ.சி.யு. நர்ஸாக இருந்தவள் நான். மூளைச்சாவு என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். அவன் டிரைவர் லைசென்ஸில் உறுப்பு தானம் என்று அவனே எழுதிவைத்திருந்ததும் எனக்குத் தெரியும். நான் கேட்பது அதை அல்ல. என் வார்டில் எத்தனை குடும்பத்திடம் "அவசரம் இல்லை, எல்லாரும் வரட்டும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். மணிலாவிலிருந்து வர வேண்டிய ஒரு தாய்க்காக இரண்டு நாள் மருந்தும் மெஷினுமாகப் பிடித்து வைத்திருந்தோம். தங்கச்சி மகள் கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்த நான் செய்தி கேட்டுக் கிளம்பி, நடுவில் ஒரு பிளேனைத் தவறவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நெவார்க்கில் இறங்கினேன். நீங்கள் அவனை உறுப்புகளை எடுக்கும் அறுவைக்கு அனுப்பியது அன்று காலை பத்து மணிக்கு. ஏழு மணி நேரம். எனக்காக அந்த ஏழு மணி நேரம் உன்னிடம் இல்லை.

உன் மாமா என்னைக் கூப்பிட வந்திருந்தார். முகத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "யாருக்க முடிவு இது?" என்று கேட்டேன். "ஷைனா," என்றார். "நான் காத்திருக்கச் சொல்லிப் பாத்தேன். அவ கேக்கல்ல."

நான் பெற்று வளர்த்த பிள்ளையைச் சூடு இருக்கும்போது தொட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவனை இங்கே அடக்கம் பண்ணின அன்று கோயில் ஹாலில் எல்லாருக்கும் முன்னால் உன்னைக் கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் பேசவில்லை.

செடியை எனக்கு அனுப்பிவிடு. உன்னிடம் இருந்தால் அதுவும் மிஞ்சாது.

ஜெயலீலா


பார்சிப்பனி
27 பிப்ரவரி 2025

மாமி,

அனுப்ப மாட்டேன்.

இந்தக் குளிரில் பெட்டியில் போட்டால் டெக்ஸஸ் வந்து சேர்வதற்குள் மிச்சமும் போய்விடும். அது ஒரு காரணம். உண்மையான காரணம் அது இல்லை.

காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது அந்த மண்ணில் விரலை விடுவதுதான். தண்ணீர் ஊற்றுகிற நாளாக இல்லாவிட்டாலும் விடுகிறேன். பிறகு ஓலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்குள் கால் மணி நேரம் போய்விடும். அப்புறம் குளிப்பேன், லேப்டாப்பைத் திறப்பேன். ஜனவரிக்கு முன்னால் அப்படி இல்லை. எழுந்திருக்கவே பத்து, பதினொன்று ஆகும். மானேஜரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் கேமராவை ஆஃப் பண்ணி உட்கார்ந்திருப்பேன். இதையெல்லாம் உங்களிடம் இரக்கம் கேட்டு எழுதவில்லை. ஏன் அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

குருத்தை வெட்டினது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு மணி நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நீங்கள் கேட்பது நியாயம். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் கேட்பேன். இவ்வளவுதான் எழுத முடிகிறது.

மாமாவை இதற்காக ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அந்த மூன்று நாளும் அவர்தான் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார், கேன்டீனிலிருந்து சூப் வாங்கி வந்து குடிக்க வைத்தார். அவர் அப்போது இல்லாமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. முட்டிக்கு ஊசி போடப்போவதாகச் சொன்னாரே, போட்டாரா?

ஷைனா


பார்சிப்பனி
30 மார்ச் 2025

மாமி,

நீங்கள் பதில் போடவில்லை. பரவாயில்லை.

மூன்று வாரமாகப் பூச்சி இல்லை. நான் வெட்டிய தண்டு காய்ந்துவிட்டது. மற்ற எட்டும் நிற்கின்றன. அதில் இரண்டில் ஊசி மாதிரி குருத்து வந்திருக்கிறது. கத்தரிக்கோலை வேறு அறையில் வைத்திருக்கிறேன்.

ஷைனா


பேர்லேண்ட்
22 ஏப்ரல் 2025

ஷைனா,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. கோபத்தில் பதில் போடவில்லை. இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக.

உன் பிப்ரவரிக் கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்திருந்தேன். உன் மாமா எடுத்துப் படித்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. தவக்காலம் முழுவதும் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நோன்பு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து காருக்கு வந்தோம். சீட்டில் உட்கார்ந்தவர் காரை ஸ்டார்ட் பண்ணவில்லை. நல்ல வெயில், உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது.

"என்ன, முட்டி வலிக்கா?" என்று கேட்டேன்.

"ஜெயா, ஷைனா உனக்காகக் காத்திருக்கணும்ணுதான் சொன்னா," என்றார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "அந்த டொனேஷன் ஆபீஸர் பொம்பளைகிட்ட 'மாமி வரட்டும்'ணு மூணு தடவ சொன்னா. நான்தான் வேண்டாம்ணேன்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"பிரஷர் இறங்கிட்டே இருந்துது. சாயங்காலம் வர தாங்காது, தாங்கலேண்ணா ஒண்ணும் யாருக்கும் கொடுக்க முடியாதுண்ணு சொன்னாவ. நீ வந்து பாத்தா விடமாட்டண்ணு எனக்குத் தெரியும். நீ நர்ஸாட்டு நிக்கமாட்ட, அம்மையாட்டு நிப்ப. அவனே எழுதி வச்சது நடக்காமப் போயிரும்."

"பின்ன ஏர்போட்டுல என்னத்துக்கு அவ பேரச் சொன்னிய?"

"நீ கேட்ட கேள்விக்கு என்ன பேர் வாயில வந்துதோ அதச் சொன்னேன். என் பேரு வரல்ல. சொன்ன பெறவு மாத்த முடியல்ல. அவ ஹாலுல உன் முன்னால நின்னப்ப என்னைய ஒரு தடவ பாத்தா. நான் தரையப் பாத்தேன். அவ காட்டிக்கொடுக்கல்ல. இப்ப எனக்க முட்டிவலியக் கேட்டு எழுதியிருக்கா."

நான் காரைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தேன். பேர்லேண்டில் யாரும் ரோட்டில் நடப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அவர் காரை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே மெதுவாக வந்தார். மற்ற கார்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். கோயிலிலிருந்து வந்த கலாவதி ஆன்ட்டி தன் காரை நிறுத்தி, "என்னாச்சு ஜெயா, கார் ரிப்பேரா?" என்று கேட்டார். ஆன்ட்டியின் காரில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ஈஸ்டர் போய்விட்டது. நான் உன் மாமாவிடம் இன்னும் பேசவில்லை.

உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டும் என்பது தெரியும். நீ ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கத் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா என்று யோசித்தேன். நம்பியிருக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வியாழக்கிழமை, பிளேனைத் தவறவிட்டு ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருந்தபோது உன் மாமாவின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அவன் காதில் வைத்துப் போடச் சொல்லியிருந்தேன். போட்டார்களா இல்லையா என்று இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இப்போது அவரிடம் கேட்டால் ஆமாம் என்பார். அவர் சொல்வதை இனி எப்படி நம்புவேன்? நீ சொல். நீ என்ன சொன்னாலும் நம்புகிறேன். அன்று காலை நடந்ததை எழுது. மருந்தும் மெஷினும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததை எழுது.

செடிக்கு இப்போது உரம் போடலாம். பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி. மாதம் ஒரு தடவை போதும்.

ஜெயலீலா


பார்சிப்பனி
4 மே 2025

அன்புள்ள மாமி,

உங்கள் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகும்வரை பொறுக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமா உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அதை வைத்து நீங்கள் என்னை நல்லவளாக்கிவிடக் கூடாது. "மாமி வரட்டும்" என்று நான் மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று மனதுக்குள் இருந்தது. அந்த அறையில் இன்னொரு நாள் உட்கார என்னால் முடியாது, மாமி. நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, ஆனால் அவர் இல்லை என்கிறார்கள். மூன்று நாள் அதைப் பார்த்தேன். மாமா வேண்டாம் என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கையெழுத்துப் போட்டது நான். ஹாலில் நீங்கள் கேட்டபோது நான் வாய் திறக்காததற்கு மாமாவைக் காப்பாற்றுவது மட்டும் காரணம் இல்லை. நீங்கள் சொன்னதில் பாதி எனக்கு உண்மையாகவே பட்டது. அதோடு, பிள்ளை போன வாரத்தில் புருஷனையும் உங்களிடமிருந்து எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

போட்டோம். நான்தான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் வந்தாள். டவலை வெந்நீரில் நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். தலை வாரிவிட்டாள். வகிடு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டாள். இடது பக்கம் என்றேன். அப்போது மாமா போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஜெயா அனுப்பினது. எனக்குப் போட தைரியம் இல்ல. நீ போடு மக்களே," என்றார்.

இருபத்துமூன்று வினாடி. பின்னால் ஏர்போர்ட் அறிவிப்பு கேட்டது. "ஸ்டெபின், அம்மை வந்துட்டே இருக்கேன் மக்களே. பயப்படாத. அம்மை வந்துட்டே இருக்கேன்." காதுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். முடிந்ததும் மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை போடும்போது நர்ஸ் கையிலிருந்த டவலைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் காதருகில் யாரும் எதுவும் பேசவில்லை. கடைசியாக அங்கே கேட்டது உங்கள் குரல்தான்.

பிறகு கட்டிலைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார்கள். கூட நடக்கிறாயா என்று கேட்டார்கள். கதவைத் திறந்ததும் பார்த்தால் காரிடாரின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்கிறார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், தரை துடைக்கிறவர் கையில் மாப்போடு, கேன்டீனில் மாமாவுக்கு சூப் கொடுத்த அம்மா. கடைசியில் சபரிநாதனும் ஆபீஸ்காரர்கள் ஆறேழு பேரும் கழுத்தில் பேட்ஜோடு. கட்டில் சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. உறுப்பு கொடுப்பவரை மரியாதையோடு அனுப்ப உங்கள் ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்வார்கள், நீங்களும் இப்படி நின்றிருப்பீர்கள். நடுவில் நடப்பது எப்படி இருக்கும் என்றுதான் எனக்கு எழுதத் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் டியூபும் பம்பும் இருந்ததால் கையைப் பிடிக்க இடமில்லை. போர்வைக்கு வெளியே இடது கால் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சூடாக இருந்தது. மாமா மறுபக்கம் நடந்தார். அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் மறந்து நின்றுவிட்டார். மிச்சத்தை நான் சொன்னேன். ஒரு கதவு வந்தது. இதற்கு மேல் நீங்கள் வர முடியாது என்றார்கள். காலை விட்டேன்.

இவ்வளவுதான் மாமி. நான் எதையும் மறைக்கவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

மாமாவிடம் பேசுங்கள். அவர் செய்தது தப்புதான். ஆனால் அன்றைக்கு நம் மூன்று பேரில் அவர் மட்டும்தான் ஸ்டெபின் எழுதிவைத்ததை யோசித்தார். நான் என்னை யோசித்தேன்.

ஷைனா


பேர்லேண்ட்
8 ஜூன் 2025

ஷைனா மக்களே,

உன் கடிதம் வந்து நாலு வாரம் ஆகிறது. தினமும் படித்தேன். மேசையில் வைக்கவில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன்.

அவன் காலைப் பிடித்துக்கொண்டு நடந்தது நீ, நான் இல்லை என்று முதல் வாரம் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு, நான் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அந்தக் கதவுக்கு முன்னால் கட்டிலை நிறுத்தியிருப்பேன். இன்னும் ஒரு டெஸ்ட் எடுங்கள் என்றிருப்பேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் வைத்துச் சண்டை போட்டிருப்பேன். பிரஷர் இறங்கியிருக்கும். அவன் எழுதிவைத்தது வீணாகப் போயிருக்கும். உன் மாமா சொன்னது சரி. சொன்ன விதம்தான் சரியில்லை.

உன்னைக் கேட்டது நாலு சுவருக்குள் இல்லை, ஹாலில் நூறு பேர் முன்னால். அதை ஒரு கடிதத்தில் திருப்பி எடுக்க முடியாது. இன்று மாதாந்தரத் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து எல்லாரும் ஹாலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஃபாதரிடம் கேட்டுவிட்டு எழுந்து நின்றேன். மைக் வேண்டாம் என்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"போன அக்டோபர்ல இதே இடத்துல வச்சு எனக்க மருமகளப் பத்தி ஒண்ணு சொன்னேன். நீங்க எல்லாரும் கேட்டிய. அது பொய்," என்றேன். "அவ காத்திருக்கணும்ணுதான் சொல்லியிருக்கா. எனக்க மகன் தனியாப் போகல்ல. அவனுக்க பெண்டாட்டி அவனுக்க காலப் பிடிச்சிட்டு கதவு வரைக்கும் நடந்தா."

அதற்கு மேல் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். யாரும் சாப்பிடவில்லை. உன் மாமாவின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று முடிவு பண்ணித்தான் போயிருந்தேன்.

அவர் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவதற்கே நேரமாயிற்று. "காத்திருக்க வேண்டாம்ணு சொன்னது நான்," என்றார். "பழிய அந்தப் பிள்ள மேல போட்டதும் நான்தான். எட்டு மாசமாட்டு நாக்கு வரல்ல." அவ்வளவுதான் பேசினார். உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். கலாவதி ஆன்ட்டியின் வீட்டுக்காரர் சேனாபதி அங்கிள் வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார். யாரோ ஒரு பெண் அழுதாள். நான் அழவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வரும்போது, "ஷைனா எப்ப வருவாண்ணு கேளு," என்றார். ஏழு வாரத்துக்குப் பிறகு நான் அவருக்குச் சொன்ன முதல் பதில், "கேக்கேன்."

கேட்கிறேன். எப்போது வருகிறாய்? கல்லறையில் கல் வைத்தாயிற்று, நீ இன்னும் பார்க்கவில்லை. கல்லில் உன் பெயரைப் போட நான் விடவில்லை. கீழே இடம் இருக்கிறது. என்ன எழுத வேண்டும் என்று நீ வந்து சொல்.

செடியைத் தூக்கிக்கொண்டு வராதே, பயணம் அதற்கு ஆகாது. ஷ்ரேயாவிடம் கொடுத்துவிட்டு வா. புறப்படுவதற்கு முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றித் தட்டைக் காலி பண்ணு. காய்ந்துபோன தண்டை வேரோடு பிடுங்காதே, பக்கத்து வேர்கள் அறுந்துவிடும். மண் மட்டத்தில் வெட்டி விட்டுவிடு. மற்ற எட்டும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

அம்மை